'எலிப்பேன்' என்று எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தடிப்பும் அரிப்பும் வந்தால், மருந்தடிக்க வருபவர் 'எலிப்பேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். செய்திகளில் அதுவே 'உண்ணி' ஆகிவிடுகிறது. இரண்டும் பிழை. எலிப்பேன் ஆறு கால் பூச்சி; எலியின் மயிரைப் பற்றியபடியே வாழ்ந்து சாகும், ஆளை நாடாது. உண்ணி என்பது நாயின் காதில் புடைத்துக்கொண்டிருப்பது. வீட்டுக்குள் கடிப்பது பெரும்பாலும் சிற்றுண்ணி, அதாவது மைட். அதிலும் எந்த இனம் என்று தெரியாமல் பொய்க்கூரைக்குள் மருந்தடிப்பதா, ஏர்கான் திட்டில் உள்ள மைனாக் கூட்டை எடுப்பதா, புல்லை வெட்டுவதா என்று எப்படி முடிவெடுப்பது?

எலி நடமாட்டம் உள்ள இடத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது வெப்பமண்டல எலிச் சிற்றுண்ணி. அறிவியல் பெயர் ஓர்னிதோனிசஸ் பகோட்டி. பெயரின் முன்பாதி பறவையைக் குறிப்பது. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம், இது குடிப்பது எலியின் ரத்தம். மைனா, புறா, கோழிக் கூடுகளில் பெருகுவது இதன் பங்காளியான ஓ. பர்சா. பகோட்டி எலியின் மேலேயே குடியிருப்பதில்லை. கூட்டில் இருந்துகொண்டு, பசிக்கும்போது ஏறிக் குடித்துவிட்டு இறங்கிவிடும். நம் ஊர்ச் சூட்டில் முட்டை முதிர்ந்த சிற்றுண்ணி ஆக இரண்டு வாரம் போதும். எலியை மட்டும் பிடித்துவிட்டு, கூட்டை அப்படியே விட்டால் கடி குறையாமல் கூடுவது இதனால்தான்: பசித்தவை அடுத்த சூடான உடம்பைத் தேடிக் கிளம்புகின்றன.

லீலாப்ஸ் என்ற சிற்றுண்ணி இனங்கள் வேறு. செம்பழுப்பு நிறம், முதுகை ஏறக்குறைய முழுவதும் மூடும் அகலமான ஓடு, தடித்த முட்கள். லீ. எக்கிட்னினஸ் ஒரு மில்லிமீட்டர் அளவு, லீ. நட்டாலி அதில் பாதி. எலியின் மேல் இவற்றை ஏராளமாகப் பார்க்கலாம், ஆனால் இவை ஆளைக் கடிப்பது அரிது. எலியின் மயிரைச் சீப்பால் சீவியதும் விழுந்தது லீலாப்ஸ் என்பதால் கடித்ததும் அதுதான் என்று முடிவுகட்டுவது இத்துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. கடித்தவனைத் தேட வேண்டியது கூட்டிலும் சுவர் விரிசலிலும்.

சீவும் முறையும் முக்கியம். பொறியில் சிக்கிய எலியை ஆளுக்கொரு வெள்ளைத் துணிப்பையில் போட்டுக் கட்ட வேண்டும். ஒரே பையில் இரண்டைப் போட்டால் எது எதிலிருந்து வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. உடல் குளிர்ந்ததும் சிற்றுண்ணிகள் இறங்கிவிடும். ஆகவே வெள்ளைத் தட்டின் மேல் வைத்து உடனே சீவி, பையின் தையல்களையும் உதறிப் பார்க்க வேண்டும். காது மடலுக்குள் ஆரஞ்சுப் பொடி ஒட்டியதுபோல் தெரிந்தால் அவை சிக்கர், அதாவது லெப்டோடிராம்பிடியம் போன்ற சிற்றுண்ணிகளின் இளம்புழுக்கள். வளர்ந்த சிற்றுண்ணிக்கு எட்டுக் கால், இவற்றுக்கு ஆறுதான். கால் எண்ணியே பேன் என்று தள்ளிவிடுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பிள்ளையாரின் வாகனமான மூஞ்சூறு எலிபோல் கொறிக்கும் விலங்கே அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொறியில் அது சிக்கினால் சீட்டில் 'எலி' என்று எழுதக் கூடாது.

பிடித்தவற்றை 70 விழுக்காடு ஆல்கஹாலில் போட வேண்டும்; மரபணுச் சோதனைக்கு என்றால் 95. ஃபார்மலின் வேண்டாம், மரபணுவைக் கெடுத்துவிடும். ரத்தம் குடித்துப் புடைத்ததில் ஓட்டின் விளிம்பு தெரியாது. நுண்ணூசியால் குத்தி, லாக்டிக் அமிலத்தில் தெளியவிட வேண்டும். பிறகு நுண்ணோக்கியில் பார்க்க, கண்ணாடித் தகட்டில் ஹாயர் கரைசலில் பதிப்பார்கள்: 50 மில்லி காய்ச்சி வடித்த நீர், 30 கிராம் அராபிக் கோந்து, 200 கிராம் குளோரல் ஹைட்ரேட், 20 மில்லி கிளிசரின், இதே வரிசையில். ஒன்றை முதுகு மேலாக, இன்னொன்றை வயிறு மேலாக வைத்து, 45 டிகிரி அடுப்பில் ஒரு வாரம். காய்ந்ததும் மேல்கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி நகப்பூச்சு இரண்டு தடவை. நம் ஊர் ஈரப்பதத்தில் அதைத் தவிர்த்தால் கரைசல் நீரை உறிஞ்சி இளகி, பதித்தது இடம் நகர்ந்துவிடும்.

நானூறு மடங்கில் பார்க்கும்போது முதல் கேள்வி முதுகு ஓடு. ஒரே ஓடாக, குறுகலாக, பின்னோக்கி ஒடுங்கி, அதன் மேலுள்ள மயிர்கள் பக்கத்துத் தோலில் உள்ளவற்றின் நீளமே இருந்தால் பகோட்டி. நடு மயிர்கள் குட்டையாக, அடுத்ததன் அடியைத் தொடாமல் இருந்தால் பர்சா. ஓடு இரண்டாகப் பிரிந்து, பின்னது சிறிதாக, வாய்க்கருவி சாட்டைபோல் நீண்டிருந்தால் வீட்டுச் சுண்டெலிச் சிற்றுண்ணி, லிப்போனிசாய்டஸ் சாங்குவினியஸ். இந்த மூன்றையும் வெறுங்கண்ணால் பிரிப்பதாகச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

கடைசியாகச் சொன்ன அது 1946ல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் அடுக்குமாடிவாசிகளிடையே புதிய காய்ச்சல் ஒன்றைப் பரப்பியது. ரிக்கெட்ஸியல்பாக்ஸ் என்று பெயர் பெற்ற அந்த நோயில் சிற்றுண்ணியின் பங்கைச் சுட்டிக்காட்டியவர்களில் சார்ல்ஸ் பொமரன்ட்ஸ் என்ற பூச்சி ஒழிப்பாளரும் ஒருவர். சிக்கர் பரப்புவது வேறு காய்ச்சல், ஸ்கிரப் டைபஸ். கடித்த இடத்தில் கருத்த பொருக்கு, பத்து நாள் கழித்துக் காய்ச்சல், அதற்கு முன் புல்லிலோ காட்டோரத்திலோ உட்கார்ந்த நினைவு என்றால் மருத்துவரிடம் அதைத் தவறாமல் சொல்ல வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்குக் கேட்கும் நோய் அது. இதைத் தமிழில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுவதைத் தங்கள் நாளிதழாவது கைவிடலாம்.

நகர மன்றங்கள் பூச்சி ஒழிப்பு ஒப்பந்த அறிக்கையில் 'இனம்' என்று ஒரு கட்டம் சேர்த்தால், தேசியச் சுற்றுப்புற வாரியத்தில் பதிவுபெற்ற நிறுவனங்கள் அதை நிரப்பித்தான் ஆக வேண்டும். கூட்டை அகற்றுவது, விரிசலில் மருந்து, 6 மில்லிமீட்டருக்கு மேலான துளைகளை அடைப்பது ஆகியவை எலி பிடிக்கும் அன்றே நடக்க வேண்டும்.

குடியிருப்பவர்கள் எலியைத் தொட வேண்டியதில்லை. சன்னல் விளிம்பிலோ மெத்தை ஓரத்திலோ புள்ளி ஒன்று ஓடினால், மருந்துக்கடை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒற்றி, அதே ஆல்கஹால் உள்ள சிறு புட்டியில் போடுங்கள். செல்லோடேப்பில் ஒட்டினால் கால்கள் பிய்ந்துவிடும். தேதி, புளோக், தளம், எந்த அறை, எதன் மேல் இருந்தது என்று சீட்டில் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

ஒட்டுண்ணி ஆய்வுத் துறை வாசகர்கள்,
சிங்கப்பூர்