கட்டைவிரலை நம்பி நோட்டு வாங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி திறக்கும் நேரத்தில் நோட்டு வாங்குவது பற்றி நீங்கள் போட்டிருந்த குறிப்பைப் படித்தேன். தாளைத் தடவிப் பார்த்து வழவழவென்று இருந்தால் வாங்கலாம், மை ஊறாது என்று எழுதியிருந்தது. காகித ஆலையில் தாளைச் சோதிக்கும் பிரிவில் பல வருஷம் இருந்தவன் நான். இது தப்பு சார்.

மை ஊறாமல் நிற்பது கூழிலோ தாளின் மேலோ சேர்க்கிற பிசின், ஸ்டார்ச் மாதிரிப் பொருள்களால். ஆலையில் அதை சைசிங் என்போம். வழவழப்பு வருவது பெரும்பாலும் வேறு வேலையால், காய்ந்த தாளை உருளைகளுக்கு நடுவில் அழுத்தி ஓட்டுவதால். சைசிங் குறைந்த தாளையும் நன்றாக அழுத்தினால் கைக்குப் பட்டுப்போல இருக்கும், மைப்பேனாவை வைத்ததும் எழுத்துக்கு ரோமம் முளைத்துவிடும். இன்னொன்று, அழுத்த அழுத்தத் தாள் மெலிகிறது, எடை மட்டும் அப்படியே இருக்கும், பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரிய ஆரம்பிக்கும்.

சோதனைக் கூடத்தில் விரலை யாரும் நம்புவதில்லை. பெக் கருவியில், மெருகேற்றிய கண்ணாடிமேல் தாளை வைத்து அழுத்தி, இரண்டுக்கும் நடுவில் குறிப்பிட்ட அளவு காற்று கசிய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். பென்ட்சன் கருவியில் நிமிடத்துக்கு எத்தனை மில்லி காற்று கசிகிறது என்று கணக்கு. வழவழப்பான தாளில் காற்று மெதுவாகத்தான் கசியும், அதனால் முதலாவதில் எண் கூடினால் வழவழப்பு, இரண்டாவதில் கூடினால் சொரசொரப்பு! வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை மாற்றி எழுதித் திட்டு வாங்கியிருக்கிறேன். தாளின் இரண்டு பக்கமும்கூட ஒரே மாதிரி இருக்காது, கூழ் வடிந்த வலைப்பக்கம் பெரும்பாலும் கொஞ்சம் சொரசொரப்புதான்.

அப்புறம், சின்னப் பிள்ளைகள் எழுதுவது பென்சிலில். தாள் கொஞ்சம் உரசினால்தான் பென்சில் கரி பிடிக்கும், ரொம்ப வழுக்கினால் எழுத்து மங்கிப்போகும். பிள்ளை அழுத்தி அழுத்தி எழுதிக் கை வலிக்கிறது என்று சொல்லும்.

அடுத்த முறை தடவச் சொல்லாமல், மைப்பேனாவால் ஒரு தாளின் இரண்டு பக்கமும் கோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடையிலேயே போட்டால் கடைக்காரர் முறைப்பார், அதனால் முதலில் ஒரே ஒரு நோட்டு வாங்கி வீட்டில் பார்த்துவிட்டு மற்ற டஜனுக்குப் போகலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி