டாக்காவிலிருந்து உன் ஊருக்கு வந்தவர்

அன்புள்ள கயல்,

"ஆபீஸ் வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது, பாட்டெல்லாம் இனி எங்கேம்மா, அது ஊரோடு போச்சு" என்று நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. பேச்சில் எனக்குக் கோவையாக வராது, எழுதினால்தான் வரும். அதனால் நீ இருக்கும் சிகாகோவிலேயே வாழ்ந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் ஸ்ட்ரக்சர் பாடம் எடுத்த காலமெல்லாம் அவர் பெயரைச் சொல்லாமல் நான் ஒரு வருடத்தையும் முடித்ததில்லை. ஃபஸ்லுர் ரஹ்மான் கான், வானுயரக் கட்டடங்களை வடிவமைத்த பொறியாளர். அவருடைய கட்டடங்களை நீ தினம் பார்க்கிறாய். மனிதரைத்தான் சொல்ல வேண்டும்.

1929-இல் வங்காளத்தில் பிறந்தார். அப்பா கணக்கு வாத்தியார், பாடப்புத்தகங்கள் எழுதியவர். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிப்பூர் பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது 1950 இந்து-முஸ்லிம் கலவரம் வந்தது. டாக்காவுக்குத் திரும்பி அங்கே பட்டத்தை முடித்தார். 1952-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இல்லினாய் பல்கலைக்கழகம். மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுநிலைப் பட்டமும் ஒரு முனைவர் பட்டமும் வாங்கினார். படிப்பில் மூழ்கியிருந்தவர் என்று இதைவிட எப்படிச் சொல்வது! அப்படிப்பட்டவர்தான் தாகூர் பாட்டை விடாமல் வைத்திருந்தார்.

வேலையைப் பற்றி உனக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. உயரம் கூடக் கூட எடையைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. பழைய முறையில் உள்ளே தூணும் பீமுமாக விறைப்பேற்றிக்கொண்டே போனால் இரும்புச் செலவு எகிறிவிடும். இவர் தூண்களை வெளிச்சுற்றில் நெருக்கி நிறுத்தி, கட்டடம் முழுவதையும் ஒரே குழாயாக நிற்க வைத்தார். மூங்கில் காற்றுக்கு ஈடுகொடுப்பதும் அப்படித்தானே, பலமெல்லாம் ஓரத்தில்! முதலில் 43 மாடி டிவிட் செஸ்ட்நட் குடியிருப்பு. அடுத்து 100 மாடி ஜான் ஹான்காக் சென்டர். முகப்பிலேயே பெரிய பெருக்கல் குறிகளாகச் சாய்சட்டங்களைப் போட்டு, சதுர அடிக்குச் சுமார் 30 பவுண்டு இரும்பில் முடித்தார். அப்புறம் சியர்ஸ் டவர். ஒன்பது குழாய்களைச் சேர்த்துக் கட்டி, அவற்றை வெவ்வேறு உயரங்களில் நிறுத்தி 442 மீட்டர். 1998 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான்.

அந்தச் சியர்ஸ் டவர் எழும்பிக்கொண்டிருந்த நேரத்தைக் கவனி. 1971 மார்ச். அப்போது கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் இறங்கிவிட்டது. லட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். கான் 1967-லேயே அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டார். பெரிய நிறுவனத்தில் பெரிய பொறுப்பு, ஆஸ்திரியாவைச் சேர்ந்த மனைவி, சின்ன மகள். தலைக்கு மேல் உலகத்தின் மிகப் பெரிய வேலை. "எனக்கு ஏது நேரம்" என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ சிகாகோவில் வங்காளிகளைத் திரட்டினார். பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி சேர்க்க ஓர் அமைப்பு, அமெரிக்க அரசியல்வாதிகளிடம் எடுத்துச் சொல்ல இன்னோர் அமைப்பு. இரண்டுக்கும் முன்னால் நின்றார். எனக்கு அவருடைய கோபுரங்களைவிட இது பெரிதாகத் தெரிகிறது. நீ மறுக்கலாம், ஆனால் நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

தாகூர் பாட்டு அவருக்கு வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது. 1967-இல் பாகிஸ்தான் அரசு வானொலியில் அந்தப் பாட்டுகளை ஒடுக்கப் பார்த்தது. டாக்காவில் எழுத்தாளர்களும் மாணவர்களும் கொதித்து எழுந்தார்கள். வங்கதேசம் என்ற புது நாடு பிறந்தபோது தாகூரின் பாட்டையே தேசிய கீதமாக வைத்துக்கொண்டார்கள். அந்த மண்ணிலிருந்து வந்தவர், மிச்சிகன் ஏரிக்கரையில் அதே பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார். தொழில்நுட்பம் தெரிந்தவன் தொழில்நுட்பத்துக்குள்ளேயே தொலைந்துவிடக் கூடாது, வாழ்க்கை என்பது கலை, நாடகம், இசை, எல்லாவற்றுக்கும் மேலாக மனிதர்கள் என்று அவர் சொன்னதை என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன்.

மனித உறவுகளைச் சொன்னவர் கடைசியாகச் செய்த பெரிய வேலைகளில் ஒன்று, ஹஜ் பயணிகளுக்காக ஜெட்டா விமான நிலையத்தில் எழுப்பிய 210 துணிக்கூடாரங்கள். வெயிலில் வந்து இறங்கும் ஏழை எளியவர்களுக்கு நிழல். அதே ஜெட்டாவில் 1982 மார்ச் 27 அன்று மாரடைப்பில் இறந்துபோனார். 52 வயதுதான். உடலைச் சிகாகோவுக்குக் கொண்டு வந்து கிளார்க் தெருவில் இருக்கும் கிரேஸ்லேண்ட் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். மகளும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஆனார், அப்பாவைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரேஸ்லேண்டுக்குப் போய் வா. ஜாக்சன், ஃபிராங்க்ளின் தெருக்கள் சந்திக்கும் இடத்துக்கு அவர் பெயர்தான், அதையும் பார். சம்பந்தர் தேவாரத்தை நீ பாடுவது மாதிரி நம் தெருவில் யாரும் பாடியதில்லை, கயல். வாரம் ஒரு மணி நேரம் போதும். யாரையும் கூட்டி வைத்துப் பாடச் சொல்லவில்லை, சமைக்கும்போது பாடினாலும் சரி. பாடிப் பதிவு செய்து அப்பாவுக்கு அனுப்பு, அவர் அனுப்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

குளிர் தொடங்கிவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு போ. அப்பாவுக்குச் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. பருப்புப் பொடி தீர்ந்துவிட்டதா என்று எழுது, அடுத்த மாதம் வரும் உன் சித்தியிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா