அந்த மூணு பேர் மட்டும் இல்ல சார்

ஆசிரியருக்கு வணக்கம், ஞாயித்துக்கிழமை வந்த பிரெஞ்சு பெண்ணியம் கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா சிக்சு, இரிகரை, கிறிஸ்தேவான்னு மூணு பெண் சிந்தனையாளர்களோட முடிச்சுட்டீங்களே (மூணு பேருமே பிரான்ஸ்ல பொறக்கல, அது வேற கதை). இந்த லிஸ்டே அமெரிக்க யுனிவர்சிட்டிக்காரங்க கட்டினதுன்னு கிறிஸ்டீன் டெல்ஃபிங்கற பிரெஞ்சு பெண்ணியவாதி சண்டையே போட்டாங்க. டெல்ஃபிக்கு பொண்ணுங்கறது உடம்பு சமாச்சாரம் இல்ல, வீட்ல சம்பளமில்லாம ஒழைக்கிற ஒரு வர்க்கம். 1970 ஆகஸ்ட் 26, டெல்ஃபி, எழுத்தாளர் மோனிக் விட்டிக், இன்னும் சில பேர் பாரிஸ் வெற்றி வளைவுல இருக்கற பேர் தெரியாத சிப்பாய் சமாதிக்கு மலர்வளையம் தூக்கிட்டுப் போனாங்க, சிப்பாய்க்கு இல்ல சார், அவனவிட பேர் தெரியாத அவன் பொண்டாட்டிக்கு! போலீஸ் புடிச்சுட்டுப் போயிடுச்சு. இவங்களப் பத்தியும் அடுத்த வாரம் ரெண்டு பத்தி போடுங்க.

- ஒரு வாசகி