குப்பைன்னு தூக்கிப் போடாம எனக்குக் குடுத்த எல்லாருக்கும் ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். கப்பல் முடிஞ்சிருச்சு. விண்வெளியில போற கப்பலோட மாடல்தான், ரெண்டடி நீளம், ஹால்ல டிவி பக்கத்துல ஸ்டாண்டு போட்டு நிக்குது. வர்றவங்க எல்லாரும் "எங்க வாங்குன, என்ன விலை"ன்னுதான் கேக்குறாங்க. வாங்குனது இல்லைங்க, பாதிக்கு மேல உங்க வீட்டுலருந்தும் கடையிலருந்தும் வந்த சாமான். ஒவ்வொருத்தர்கிட்டயா போய் நன்றி சொன்னா யாராவது விட்டுப்போயிருவாங்க, அப்புறம் பத்திரிகை வைக்காத கல்யாணம் மாதிரி ஆயிரும், அதான் பொதுவா எழுதிட்டேன்.

மொதல்ல ஹார்டுவேர் கடை அண்ணாச்சி. கப்பலோட நடுத்தண்டு அவர் கடையில வெட்டி மிஞ்சுன பிவிசி பைப்பு துண்டுதான், காசே வாங்கல. எண்ட் கேப்பு, கப்ளிங், ஒரு பக்கம் பெருசா ஒரு பக்கம் சிறுசா இருக்குற ரெடியூசர்னு பைப்புல மாட்டுற சாமானா ஒரு குவியலை கவுண்டர்ல கொட்டி "தம்பி, இது மூக்குக்கு ஆகுமா பாரு"ன்னு அவரே டிசைனர் ஆயிட்டாரு, பின்னாடி ஒரு பிளம்பர் அண்ணன் அவசரமா டேப்பு வாங்க நிக்கிறாரு, அவரையும் இழுத்து விட்டு, கடைசியில ரெடியூசரைக் கவுத்து வெச்சா இன்ஜின் நாசில், அதான் நெருப்பு கக்குற வாய், ஆகும்னு கண்டுபிடிச்சது அந்த பிளம்பர் அண்ணன்தான். அண்ணே, உங்க பேர் கூட கேக்கல, நாலு இன்ஜினும் உங்களுதுதான்.

அடுத்து எங்கம்மா. முறுக்கு அச்சுல இருக்குற ஓட்டைத் தட்டு இருக்கே, அதை நாசிலுக்குள்ள போட்டு பின்னாடி லைட்டு குடுத்தா அச்சு அசலா இன்ஜின். தர மாட்டேன்னுட்டாங்க. தண்டர்பேர்ட்ஸ்னு இங்கிலாந்துல 1965-ல வந்த பொம்மை சீரியல்ல, ராக்கெட் கிளம்புற அறையோட சுவத்துல எலுமிச்சம்பழம் பிழியிற பிளாஸ்டிக் சாமானை ஒட்டி வெச்சிருப்பாங்க, டிவியில பாத்தா ஏதோ பெரிய மெஷின் மாதிரியே இருக்கும், டெரெக் மெடிங்ஸ் டீமோட வேலை அது. அந்தப் படத்தைக் காட்டுனேன். "அவன் அம்மா எலுமிச்சம்பழம் பிழிய என்ன பண்ணுனாளாம்"னு கேட்டுட்டு, தீபாவளி வரைக்கும் வேணாம்னு நாலு தட்டை எடுத்துக் குடுத்தாங்க. இப்ப புது அச்சு வாங்கியாச்சு.

இதெல்லாம் சும்மா ஒட்டுறதுன்னு நெனைக்காதீங்க, இதுலதான் விஷயமே இருக்கு. ஒரு பொருள் எவ்வளவு பெருசுன்னு கண்ணு கண்டுபிடிக்கிறது அதுமேல இருக்குற சின்னச் சின்ன சாமானை வெச்சுத்தான். மொழுக்குன்னு இருந்தா பைப்பு பைப்பாத்தான் தெரியும். 1977-ல வந்த ஸ்டார் வார்ஸ் படத்துல ஆரம்பத்துலயே தலைக்கு மேல போற முக்கோணக் கப்பல் கதைப்படி 1,600 மீட்டர், படம் பிடிக்கச் செஞ்ச மாடல் சுமார் 3 அடிதான். கலிபோர்னியாவுல வான் நைஸ்னு ஒரு ஊர்ல குடோன்ல உக்காந்து, ராணுவ டேங்க், போர்க்கப்பல், விமானம்னு பார்ட்டு பார்ட்டா ஒட்டி மாடல் கட்டுறதுக்கு கடையில விக்குற கிட்டுகளை வாங்கிப் பிரிச்சு அந்தப் பார்ட்டுகளைத்தான் படக் கப்பல்கள் மேல ஒட்டித் தள்ளுனாங்க. இப்படி ஒட்டுற சின்னச் சின்ன சாமானுக்கு கிரீபிள்னு பேரு. என் கப்பல் 60 சென்டிமீட்டர், கதைக்கு 600 மீட்டர்னு வெச்சுக்கிட்டேன், கணக்கு சுலபம், 1 மில்லிமீட்டர்னா 1 மீட்டர். ஆளு ரெண்டு மில்லிமீட்டர் கூட வரமாட்டான்.

இந்தக் கணக்குல பாத்தாத்தான் டேங்க் கிட் கட்டுற நம்ம நண்பன் குடுத்த டப்பாவோட அருமை புரியும். 35-ல ஒரு பங்கு அளவு கிட்டுல ஒரே டேங்கை ரெண்டு மூணு விதமா கட்டுற மாதிரி பார்ட்டு குடுத்திருப்பான், அதனால எப்பவும் மிச்சம் இருக்கும். வெளிநாட்டு கிட்டு என்ன விலை விக்குதுன்னு தெரியும், அதை நம்பி நான் பிரிச்சிருந்தா வீட்டுல சோறு கிடைச்சிருக்காது. மச்சான் வருசக்கணக்கா சேத்து வெச்ச மிச்சத்தை அப்படியே தூக்கிக் குடுத்துட்டான். அதுல ஒரு டேங்க் சக்கரம் 20 மில்லிமீட்டருக்கு மேல, என் கப்பல்ல அது ஏழு மாடி உயரம்! இப்ப அது ரேடார்.

மெடிக்கல் ஷாப் அக்காவுக்கு ஸ்பெஷல் நன்றி. மாத்திரை எடுத்த அட்டையில இருக்குற குமிழ் ஒவ்வொண்ணும் ஒரு கண்ணாடி மண்டபம். "வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்ல"ன்னு ரொம்ப நாள் கவலையா கேட்டுக்கிட்டே இருந்தாங்க, கப்பல் போட்டோவைக் காட்டுனப்புறம்தான் நிம்மதியானாங்க.

பசை விஷயத்துல வழி காட்டுனது ஆர்க்கிடெக்சர் படிக்கிற பக்கத்து வீட்டுப் பொண்ணு. கிட் பார்ட்டு பாலிஸ்டைரீன்ங்கிற பிளாஸ்டிக், அதுக்குன்னு இருக்குற சிமெண்டுங்கிற பசை ரெண்டு பக்கத்தையும் லேசா உருக்கி ஒண்ணாக்கிரும். ஷாம்பு மூடி பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன்ங்கிற வேற பிளாஸ்டிக், அதுல சாதாரணப் பசை எதுவும் சரியா நிக்காது, உள்ள கம்பி விட்டு முறுக்கணும். தெர்மாகோல் மேல ஸ்ப்ரே பெயிண்ட் நேரா அடிச்சா கரைஞ்சு குழியாயிரும். ஃபெவிக்விக்கை மூடுன இடத்துல நிறைய விட்டா ஆவி சுத்தி வெள்ளையா படியும், கப்பலோட கண்ணாடி ஜன்னல் பக்கம் வேணாம். இதெல்லாம் அந்தப் பொண்ணு சொன்னது, கூடவே மாடல் செஞ்சு மிஞ்சுன சன்போர்டு, அதான் லேசான பிளாஸ்டிக் அட்டை, துண்டெல்லாம் ஒரு பை நிறைய குடுத்துச்சு. உடம்பு மேல இருக்குற தகடு தகடான பேனல் அத்தனையும் அதுதான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைத் தம்பி, செத்துப்போன கீபோர்டையும் பழைய சர்க்யூட் போர்டையும் கிலோ கணக்குல போடாம ஒண்ணொண்ணா பொறுக்க விட்டதுக்கு நன்றி. ஜன்னல் வெளிச்சத்துக்கு, திருவிழாக் கடையில விக்குற நார் நாரா எரியிற ஃபைபர் விளக்கைப் பிரிச்சு, அரை மில்லிமீட்டர் ஓட்டை போட்டு ஒவ்வொரு நாரா விட்டு பின்னாடி ஒரு எல்.ஈ.டி. ஓட்டை போடுற வேலை பூரா தங்கச்சி. அவளுக்கு நன்றி சொன்னா பில்லு அனுப்புவா, அதனால இங்கயே நிறுத்திக்கிறேன்.

கடைசியா டிங்கரிங் பட்டறை பெயிண்டர் அண்ணன். அதுவரைக்கும் அது வெள்ளை பைப்பு, பச்சை போர்டு, நீல மூடி, சில்வர் அட்டைன்னு ஒரே கலவரம். கார் கதவுக்கு அடிச்சு மிஞ்சுன கிரே பிரைமரை லேசு லேசா மூணு கோட்டு அடிச்சாரு, அவ்வளவுதான், எது முறுக்கு அச்சு எது மாத்திரை அட்டைன்னு ஒட்டுன எனக்கே தெரியல. பேனல் ஒவ்வொண்ணுக்கும் கிரேல கொஞ்சம் கூட்டிக் குறைச்சு அடிக்கணும்னு சொன்னப்ப "வண்டியில இப்படி அடிச்சா கஸ்டமர் அடிப்பாரு"ன்னாரு, ஆனா அடிச்சுக் குடுத்தாரு. மேல 2பி பென்சில் தூளைத் தேச்சது மட்டும் நான்.

அடுத்தது சரக்குக் கப்பல், நீளம் மூணு அடியாவது வேணும். பழுதான ஹேர் டிரையர், மிக்ஸி ஜார் மூடி, எழுதாத பேனா, ஷேவிங் ரேசர் எது இருந்தாலும் காயலான் கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க, நானே வந்து எடுத்துக்கிறேன். அம்மாகிட்ட இடியாப்ப அச்சைப் பத்தி மட்டும் யாரும் வாயத் தொறக்காதீங்க.