"எல்லா வண்டிக்கும் ஏற்றது" என்று கேனில் போட்டிருப்பது பற்றிப் புகார்

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் 15டபிள்யூ-40 (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) டீசல் இன்ஜின் ஆயிலை என் பெட்ரோல் காரில் ஊற்றி, பாதியிலேயே வடித்துக் கொட்ட வேண்டியதாகிவிட்டது. கேனின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் "பெட்ரோல், டீசல் எல்லா வண்டிக்கும் ஏற்றது" என்று இருக்கிறது. அதை மட்டும் நம்பாமல், வாங்கும் முன்பே உங்கள் உதவி எண்ணுக்கு அழைத்தேன். வண்டியில் புகையின் நச்சைக் குறைக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது, கையேட்டில் 5டபிள்யூ-30, ஏபிஐ எஸ்என், இல்சாக் ஜிஎஃப்-5 (இவை பெட்ரோல் இன்ஜின் ஆயில் தரங்கள்) என்று போட்டிருக்கிறது என வாசித்தே காட்டி, இதை ஊற்றலாமா என்று கேட்டேன். தாராளமாக ஊற்றலாம், இது அதைவிட உயர்ந்த தரம், டிடர்ஜென்ட் அதிகம், இன்ஜின் உள்ளே சுத்தமாக இருக்கும் என்றார்கள். டிடர்ஜென்ட் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் நான் கேட்டது கன்வெர்ட்டரைப் பற்றி.

ஊற்றிய பிறகும் மனசு ஒப்பாமல் உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதினேன். அங்கிருந்து வந்த பதில்: கன்வெர்ட்டர் உள்ள பெட்ரோல் வண்டிகளுக்கு இந்த ஆயிலைப் பரிந்துரைப்பதில்லை. ஒரே கம்பெனி, ஒரே கேன், இரண்டு பதில். இதில் எதை நம்புவது?

விஷயம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. தேய்மானத்தைத் தடுக்க ஆயிலில் சேர்க்கிற இசட்டிடிபி என்ற வேதிப்பொருளில் பாஸ்பரஸ் இருக்கிறது. பிஸ்டன் ரிங் வழியாகவும் வால்வு சீல் வழியாகவும் எந்த இன்ஜினிலும் கொஞ்சம் ஆயில் எரியத்தான் செய்யும், அப்போது அந்தப் பாஸ்பரஸ் புகையோடு போய் கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பரப்பின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலமாகப் படிந்துவிடும், படிந்த இடம் வேலை செய்யாது, கழுவி எடுக்கவும் முடியாது. ஈயம் கலந்த பெட்ரோலைக் கைவிட்டதற்கே, ஈயமும் கன்வெர்ட்டரைக் கெடுப்பது ஒரு முக்கியக் காரணம். பாஸ்பரஸ் இப்படிப் படிவதால்தான் ஜிஎஃப்-5 ஆயிலில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. உங்கள் கேனின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பது சிஐ-4/எஸ்எல். சிஐ-4 என்பது 2002இல் வந்த டீசல் தரம், அதில் பாஸ்பரஸுக்கு வரம்பே கிடையாது. டீசல் பக்கம் 0.12 சதவீதம் என்ற வரம்பு வந்ததே 2006இல், சிஜே-4 தரத்தோடு. பின்னால் எஸ்எல் என்ற பெட்ரோல் தரமும் இருக்கிறதே என்பீர்கள். பெட்ரோல் தரங்களின் பாஸ்பரஸ் வரம்பு 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்குத்தான், 15டபிள்யூ-40க்குக் கிடையாது. இது எத்தனை வாடிக்கையாளர்களுக்குத் தெரியும்?

உங்கள் ஆயிலால் என் கன்வெர்ட்டர் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை, வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆயில் குடிக்காத நல்ல இன்ஜினில் ஒரு தடவை ஊற்றினால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பதும் தெரியும். ஆனால் கேனை நம்பி ஒவ்வொரு சர்வீஸுக்கும் இதையே ஊற்றுகிறவர்கள், அதிலும் பழைய, ஆயில் குடிக்கிற இன்ஜின் வைத்திருப்பவர்கள் கதி? இன்ஜின் சத்தமில்லாமல் ஓடும், ஆயில் அருமை என்று உங்களையே புகழ்வார்கள், ஒருநாள் புகைப் பரிசோதனையில் வண்டி தேறாமல் நிற்கும்போது ஆயிலை யாரும் சந்தேகப்படக்கூட மாட்டார்கள். கன்வெர்ட்டர் மாற்றுகிற செலவில் எத்தனை கேன் ஆயில் வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டீசல் வண்டிக்கு இது நல்ல ஆயிலாகவே இருக்கலாம், அதில் எனக்குத் தகராறு இல்லை. "எல்லா வண்டிக்கும்" என்ற வரியை எடுங்கள், அல்லது கன்வெர்ட்டர் உள்ள பெட்ரோல் வண்டிக்கு வேண்டாம் என்று அதே கொட்டை எழுத்தில் முன்பக்கம் போடுங்கள். இந்த ஆயிலில் பாஸ்பரஸ் எத்தனை சதவீதம் என்று எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். உதவி எண்ணில் பேசுகிறவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். அப்புறம், ஆயில், ஃபில்டர், மாற்றிய கூலி, மூன்றுக்கும் ரசீது இணைத்திருக்கிறேன், அந்தப் பணம் திரும்ப வர வேண்டும். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வருகிற தானியங்கிப் பதிலை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சரியான பதில் வராவிட்டால், உங்கள் தொழில்நுட்பப் பிரிவு எழுதிய கடிதத்தையும் கேனின் படத்தையும் சேர்த்து நுகர்வோர் மன்றத்துக்கு அனுப்புவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்