மின்வேலி அமைத்துத் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

மின்வேலி போட்ட நாள் முதல் ஏஎம் வானொலியிலும் சிற்றலையிலும் நொடிக்கொரு தரம் ‘டக், டக்’ என்று இரைச்சல் விழுவதாக அக்கம்பக்கத்தார் முறையிட்டால், மின்வேலி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று உங்களில் பலர் சொல்லிவிடுகிறீர்கள். சிற்றலை நேயன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை. செம்மையாக அமைத்த வேலியால் வானொலிக்குப் பெரிய தொந்தரவு இருப்பதில்லை. பலத்த இரைச்சல் கேட்டால், பெரும்பாலும் அந்த வேலியில் எங்கோ தீப்பொறி தாவுகிறது.

வேலிக்கு மின்சாரம் ஊட்டும் கருவியான எனர்ஜைசர் அனுப்பும் பல ஆயிரம் வோல்ட் துடிப்பு, தளர்ந்த கம்பி முறுக்கிலோ, விரிசல் கண்ட இன்சுலேட்டரிலோ, கம்பியில் உரசும் ஈரச் செடியிலோ இடைவெளியைத் தாண்டிப் பொறியாகும்போது, அந்தப் பொறி பரந்த அலைவரிசையில் இரைச்சலை எழுப்புகிறது. நீண்ட வேலிக் கம்பியே அதற்கு ஆன்டெனாவாகிவிடுகிறது. அங்கே கசியும் ஆற்றல் விலங்கைத் தடுக்க உதவாமல் வீணாவதால், முறையீடு செய்பவர் உங்கள் வாடிக்கையாளருக்கும் நன்மையே செய்கிறார்.

ஆகவே, முறையீடு வந்ததும் முதலில் எனர்ஜைசரை அணைத்துப் பாருங்கள். அதன் பிறகும் இடைவிடாத ‘கர்ர்’ ஒலி நீடித்தால் அது மின்கம்பத்திலிருந்தோ வேறு கருவியிலிருந்தோ வருவது; வேலியின் மேல் பழியில்லை. டக்கொலி நின்றுவிட்டால், மறுபடி இயக்கி, பேட்டரி வானொலியை எந்த நிலையமும் ஒலிபரப்பாத அதிர்வெண்ணில் வைத்துக்கொண்டு வேலியோரமாக நடந்து பாருங்கள். குறைந்த அதிர்வெண்ணில் இரைச்சல் கம்பி வழியே நெடுந்தூரம் ஓடி எங்கும் ஒரே அளவாகக் கேட்கும் என்பதால், இயன்றவரை உயர்ந்த அதிர்வெண்ணில் தேடுவதே பலன் தரும். இருட்டிய பின் சென்றால் பல இடங்களில் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும்.

செம்புக் கம்பியைத் துத்தநாகம் பூசிய கம்பியோடு வெறுமனே முறுக்கிய இணைப்புகளை, எனர்ஜைசரை அணைத்துவிட்டு, பிரித்துப் பாருங்கள்: வெள்ளைத் தூளும் துருவும் படிந்து, இறுகியது போலத் தோன்றும் முறுக்கு உள்ளே விட்டுப்போயிருக்கும். அங்கே ஒரே உலோகக் கம்பியும் இறுக்கமான கிளாம்ப்பும் வேண்டும். வாயிற்கதவுக்கு அடியில் வீட்டு ஒயரைப் புதைக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். சில நூறு வோல்ட்டுக்கென்று செய்த அதன் உறை இந்த அழுத்தத்தைத் தாங்காமல் மண்ணுக்குள்ளேயே கசியும், வெளியில் எந்த அடையாளமும் தெரியாது.

தொலைபேசியிலும் இணைய இணைப்பிலும் டக்கொலி வந்தால் எர்த்தைப் பாருங்கள். வேலிக்காக மண்ணில் அடித்த எர்த் ராடு, வீட்டு எர்த்திலிருந்தும் தொலைபேசி எர்த்திலிருந்தும் 10 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அந்த ராடிலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் தொலைவில் இரும்புக் கம்பிகளை வேலியின் மேல் சாய்த்து அதன் மின்னழுத்தத்தை 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறக்கி, எர்த் ராடில் அளந்து பாருங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னும் ராடுகள் தேவை. தொலைபேசிக் கம்பிக்கு இணையாக வேலி நெடுந்தூரம் ஓடாமலும், குறுக்கிடும் இடத்தில் செங்கோணத்தில் கடக்குமாறும் முதலிலேயே திட்டமிடுவது நல்லது.

கசிவைக் கண்டுபிடிக்காமல், வேலி வலுவிழந்துவிட்டது என்று சொல்லிப் பெரிய எனர்ஜைசரை விற்றுவிடாதீர்கள். அதனால் பொறியும் இரைச்சலும் பெருகவே செய்யும். வேலை முடிந்த அன்று வேலியின் கடைக்கோடியில் அளந்த வோல்ட்டைக் குறித்து, உரிமையாளரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். முறையீடு வரும் நாளில் அதனோடு ஒப்பிட்டுத் தேடத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
சிற்றலை வானொலி நேயர் ஒருவர்