பொங்கல் சீர் எந்த முகவரிக்கு?

குத்தாலம் பக்கம், நம் வீடு
16.12.2024

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். நீயும் குட்டியும் நலமாக இருக்க மயூரநாதரை வேண்டிக்கொள்கிறேன். வழக்கமாக இந்த இடத்தில் இன்னொருவரையும் விசாரித்து ஒரு வரி எழுதுவேன். இந்தத் தடவை எழுதவில்லை.

இன்று மார்கழி ஒன்று. அம்மா இருட்டிலேயே எழுந்து கோலம் போட்டாள். வெள்ளிக்கிழமை பெய்த மழை ஈரம் வாசலில் இன்னும் காயவில்லை, மாவு ஊறிப் பரவிவிட்டது. இருந்தாலும் பூசணிப்பூ வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ வாங்கித் தந்த உறையை மழைக்காலத்தில் போட மாட்டாளாம், ஈரம் கோத்துக்கொள்ளுமாம். நீ சொன்னால் கேட்பாள்.

பொங்கல் சீர் பற்றி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கடைசியில் கேட்கிறேன். முதலில் வயலைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருடம் மேட்டூர் அணை திறந்ததே ஜூலை 28இல்தான். வழக்கமான ஜூன் 12 என்பதெல்லாம் பேச்சோடு சரி. அதனால் குறுவையை விட்டுவிட்டேன். சம்பாவாவது ஒழுங்காக எடுக்கலாம் என்று ஐப்பசி பிறக்குமுன் நடவை முடித்துவிட்டோம். பயிர் நன்றாகத் தூர் கட்டி வந்தது. கார்த்திகை இரண்டாம் வாரத்தில், நவம்பர் 26, 27இல், வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. புயலாக மாறும், மாறாது, மறுபடியும் மாறும் என்று டிவியில் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அது கடைசியில் பாண்டிச்சேரிப் பக்கம் போய்க் கரை ஏறியது. நம் மேலவயல் நாலு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. வரப்பு எது, வயல் எது என்று தெரியவில்லை. வடிகாலில் வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் நகரவே இல்லை. நானும் பெரியப்பா மகனும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அறுத்து அறுத்துக் கரையில் போட்டோம். திட்டாதே. வேறு யார் இறங்குவார்கள்?

தண்ணீர் வடிந்த அன்று ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். இலையெல்லாம் சேறு. வேர் கருத்துப்போய் முட்டை அழுகின நாற்றம் அடித்தது. போச்சு என்று நினைத்துக்கொண்டே வாய்க்காலில் அலசினேன். கருப்பு வேருக்கு நடுவே நூல் மாதிரி வெள்ளையாக இரண்டு வேர் புதிதாக விட்டிருந்தது. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். யூரியாவையும் ஜிப்சத்தையும் வேப்பம் புண்ணாக்கோடு ஓர் இரவு கலந்து வைத்துப் போட்டிருக்கிறோம். அழுகின இடங்களில் பக்கத்துக் குத்துகளைப் பிரித்து நட்டாயிற்று. மூன்று மா நிலம் தேறாது. மீதி தேறிவிடும். காப்பீடு கட்டியிருக்கிறேன், அடங்கல் எல்லாம் கையில் இருக்கிறது. நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே.

அந்த மழை வாரத்தில் நீ ஒரே ஒரு நாள் போன் பண்ணினாய். 'வீட்டுக்குள்ள தண்ணி வந்துதாப்பா?' என்றாய். இல்லை என்றேன். 'சரிப்பா, வச்சுடறேன்' என்றாய். அவ்வளவுதான். திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு பேர் மண்ணுக்குள் போன செய்தி வந்த அன்றைக்கு அம்மா உன் எண்ணைப் பத்துத் தடவை போட்டாள். கோயம்புத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்கலாம். பெற்றவளுக்கு எல்லா மலையும் பக்கத்தில்தான். ஒரு தடவை எடுத்திருக்கலாம், பாப்பா.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? காலையில் டீயைக் குடித்துவிட்டு ஓடாதே. ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. முருங்கைக்கீரை வாரத்தில் இரண்டு நாளாவது சமை. இருட்டினபிறகு வண்டி ஓட்டாதே.

விஜயதசமி அன்றைக்கு உன் சர்டிபிகேட் எல்லாவற்றையும் கூரியரில் அனுப்பச் சொன்னாய். முதல் நாள் சரஸ்வதி பூஜையில்தான் அம்மா அந்தக் கோப்பை, எப்போதும்போல, அடுக்கின புத்தகங்களுக்கு மேலே வைத்துச் சந்தனம் தெளித்திருந்தாள். எம்.எஸ்சி., பி.எட். எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கணிதத்தில் உன் மதிப்பெண்ணை இத்தனை வருடம் கழித்துப் பார்த்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நம் தெருவிலிருந்து மன்னம்பந்தலுக்கு பஸ் ஏறிப் போய்க் கணக்குப் படித்த முதல் பெண் நீதான். கல்யாணத்துக்குப் பிறகு எட்டு வருடம் அந்தக் காகிதங்கள் நம் பீரோவிலேயே கிடந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. கேட்டாயே என்று சந்தோஷம்தான். ஆனால் கூரியர் முகவரி உங்கள் வடவள்ளி வீடு இல்லை. பீளமேட்டில் யாரோ தோழி வீடு என்றாய். பகலில் வீட்டில் ஆள் இருக்காது, அதனால்தான் என்றாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. எழுதி ஒட்டி அனுப்பிவிட்டேன்.

தீபாவளிக்கு நீ வரவில்லை. இந்த வருடம் வெள்ளிக்கிழமைக்கும் லீவு விட்டு, சேர்ந்தாற்போல் நாலு நாள். எதிர்வீட்டில் மூன்று பெண்களும் வந்திருந்தார்கள். தெரு முழுக்கக் கார். அவருக்கு வேலை இருக்கிறது, டிக்கெட் கிடைக்கவில்லை என்று இரண்டு காரணம் சொன்னாய். ஒரு காரணம் போதுமே. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சி மாவு கிளறி வைத்திருந்த அம்மா, பாதியை எடுத்து எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். உனக்கு எடுத்த புடவை பீரோவில் இருக்கிறது. மயில் கழுத்து நிறம்.

அன்றைக்குக் குட்டி போனில் பேசினாள் அல்லவா? 'தாத்தா, இங்க மொட்டை மாடியில நின்னா ஏரோப்ளேன் தலைக்கு மேலயே போகுது, சக்கரம்கூடத் தெரியுது' என்றாள். சட்டென்று நீ போனை வாங்கிக்கொண்டாய். வடவள்ளி வீட்டு மாடியில் எத்தனையோ சாயங்காலம் நான் நின்றிருக்கிறேன், பாப்பா. அங்கிருந்து மருதமலை தெரியும். விமானத்தின் சக்கரம் தெரிந்து நான் பார்த்ததில்லை.

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளும் வேறு எதையோ என்னிடம் சொல்லாமல் இருக்கிறாள் என்று நினைக்கிறேன். ராத்திரி இரண்டு பேரும் விழித்துக்கொண்டே தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறோம்.

ஐப்பசி கடைசி நாள், கடைமுழுக்கில் குளிக்கத் துலாக்கட்டம் போனேன். காவிரியில் இந்த வருடம் நல்ல தண்ணீர். நாலு கோயில் சாமியும் இரண்டு கரையிலும் வந்து நின்றபோது நல்ல கூட்டம், கால் வைக்க இடமில்லை. நீ சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து பார்த்த அதே மண்டபத்தின் பக்கம்தான் நின்றேன். மறுநாள் கார்த்திகை ஒன்று. கூட்டம் எல்லாம் போய்விட்டது. நான் மறுபடியும் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, கால் போயிற்று. முடவன் முழுக்குக் கதையை உனக்கு வருடா வருடம் சொல்வேன். ஐப்பசிக்குள் வந்து சேர முடியாத அந்த மனுஷனுக்காகச் சாமி ஒரு நாளைக் கூட்டிக்கொடுத்தார் என்று சொன்னால், 'அவருக்கு வழியில யாருமே வண்டியில இடம் குடுக்கலையாப்பா?' என்று கேட்பாய். நான் சிரித்துக்கொண்டே உன் தலையைத் துவட்டுவேன். பதில் சொன்னதில்லை. இந்தத் தடவை படியில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கேள்விதான் காதில் கேட்டது.

கார்த்திகைத் தீபத்தன்று மழை. திண்ணையில் ஏற்றின அகல் எதுவும் நிற்கவில்லை, எல்லாவற்றையும் உள்ளே மாடத்துக்குக் கொண்டுபோனோம். மறுநாள் சனிக்கிழமை பொரி உருண்டை எடுத்துக்கொண்டு பாபநாசம் போய் சின்னத்தையைப் பார்த்துவிட்டு வந்தேன். சும்மா பார்க்கத்தான் போனேன். அவள் காப்பி கொடுத்தாள். வயலை விசாரித்தாள். உன்னைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்தவள், நிலையைப் பிடித்துக்கொண்டு, 'அண்ணே, அவ வந்தா என்ன ஏதுன்னு உடனே கேக்காத. முதல்ல சோறு போடு' என்றாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து கும்பகோணம் வந்து சேரும்வரை எனக்குக் கோபம்தான். என்னிடம் சொல்லாததை அத்தையிடம் சொல்லியிருக்கிறாய். பெற்ற அப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது! கும்பகோணம் தாண்டினபிறகுதான் அந்தக் கோபம் போய் வேறொன்று வந்து உட்கார்ந்தது. உன்னிடம் சொல்லாமல் இனிமேல் என்னால் முடியாது.

1999 தீபாவளிக்கு முதல் நாள் சின்னத்தை வந்தாள். ஒரு கையில் ஒயர் கூடை, இன்னொரு கையில் பையன். பண்டிகைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். கூடையை உள்ளே எடுத்து வைத்தவன் நான். துணிக்கு அடியில் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். பையனின் டி.சி. பாதி வருடத்தில் பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொடுத்து டி.சி. வாங்கிக்கொண்டு வருகிற பெண் திரும்பிப் போவதற்கு வரவில்லை. அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவள் இரண்டு தடவை பேச்சை எடுக்க வந்தாள். இரண்டு தடவையும் நான் வயலுக்குக் கிளம்பிவிட்டேன். தீபாவளிக்கு மறுநாள், அவள் ஒன்றும் கேட்காமலே, 'குடும்பம்னா நாலும் இருக்கும், அனுசரிச்சுப் போம்மா' என்று நானாகவே சொல்லி, டிவிஎஸ் 50இல் உட்காரவைத்து மாயவரம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். டிக்கெட்டுக்குப் பணமும் நான்தான் கொடுத்தேன். பஸ் கிளம்பும்வரை நின்றேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் என் பக்கம் திரும்பவில்லை. பையன்தான் கையாட்டினான்.

நீ அப்போது அஞ்சாம் வகுப்பு. திண்ணையில் மத்தாப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் திரும்பி வந்ததும், 'அத்தை ஏன்ப்பா அழுதுக்கிட்டே போனாங்க?' என்றாய். பண்டிகை முடிந்து ஊருக்குப் போகிறவர்கள் அப்படித்தான் அழுவார்கள் என்றேன்.

அதற்கப்புறம் 25 பொங்கல். ஒன்று தவறாமல் சீர் கொண்டுபோயிருக்கிறேன். கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி, புடவை, எதிலும் குறை வைத்ததில்லை. தங்கச்சிக்கு இப்படிச் செய்கிற அண்ணன் உண்டா என்று ஊரில் சொல்வார்கள், கேட்டுக்கொண்டு பெருமையாக நடந்திருக்கிறேன். அந்த வீட்டில் அவள் என்ன பட்டாள் என்று ஒரு வருடமாவது உட்கார்ந்து கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டால் கூட்டிக்கொண்டு வரவேண்டியிருக்கும் என்று பயம். ஊர் என்ன சொல்லும், உனக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டுமே என்றெல்லாம் அப்போது காரணம் சொல்லிக்கொண்டேன். உன் பெயரைச் சொல்லித்தான் அவளைத் திருப்பி அனுப்பினேன், பாப்பா.

அதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. என்னிடம் எப்படிச் சொல்வாய்?

சனிக்கிழமை அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாசலில் நின்றபோது வாய் வரவில்லை. பொங்கலுக்குள் போய்க் கேட்டுவிடுவேன்.

அம்மா சீருக்குப் பட்டியல் எழுத உட்கார்ந்து முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். 'எந்த வீட்டுக்குங்க கொண்டுபோறது?' என்றாள். அதை உன்னிடம் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். இப்போது கேட்கவில்லை. நீ சொல்ல வேண்டும் என்றும் இல்லை. மாப்பிள்ளையோடு என்ன நடந்தது, யார் பக்கம் நியாயம், நீ எப்போது சொல்கிறாயோ அப்போது கேட்டுக்கொள்கிறேன். சொல்லாவிட்டாலும் சரி. இந்தத் தடவை சீர் எங்கும் போகவில்லை. கரும்பும் மஞ்சளும் இங்கேயே இருக்கும், நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள். பத்து நாள் இருந்துவிட்டுப் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி. மாடி அறையில் இருந்த நெல் மூட்டைகளை நேற்றே கீழே இறக்கிவிட்டேன். எலி தொல்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று நினைத்தால் அதுவும் நல்லதுதான். வாடகை, முன்பணம் என்று ஏதாவது இருந்தால் சொல். அறுவடைவரை காத்திருக்க வேண்டாம், கையில் இருக்கிறது.

இந்தக் கடிதத்தையும் அந்தப் பீளமேட்டு முகவரிக்கே போடுகிறேன்.

ஜன சதாப்தியில் காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு மாயவரம் வந்துவிடலாம். நான் ஸ்டேஷனில் நிற்பேன். குட்டியின் டி.சி. வாங்க முடிந்தால் வாங்கிக்கொண்டு வா. முடியாவிட்டால் விடு, நான் அங்கே வந்து எழுதிக்கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் அந்த ரயில் கிடையாது. மற்றபடி எந்த நாளானாலும் சரி.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா